அப்பா அனுப்பும் காசில் கோலாலம்பூர் சுற்றிப் பார்க்கப் போவது தப்பா?

கேள்வி: பினாங்கில் முதலாம் ஆண்டு படிக்கிறேன். வருகிற சனி, ஞாயிறு கோலாலம்பூர் போகலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். அப்பா கஷ்டப்பட்டு அனுப்பும் பணம் என்பதால் மனசு உறுத்துகிறது. போவது தப்பா? எவ்வளவு செலவாகும்?

போங்க தம்பி. (தங்கச்சியாக இருந்தால் மன்னிக்கவும்.) ஆனால் திரும்பும் டிக்கெட்டை மட்டும் ஞாயிறு சாயங்காலத்துக்குப் போடாதீங்க. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் இந்தத் தளத்தில் படிப்பதோடு சரி, பதில் எழுதும் வழக்கம் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டிருக்கும் இதே விஷயத்துக்காக என் தாய்மாமாவோடு ஒன்றரை வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவன் நான். உங்களுக்கும் கல்விக் கடன் இருக்கும், வீட்டில் ஒரு செயினாவது அடகில் இருக்கும், சாப்பிடும்போது மனசுக்குள் ரூபாய்க் கணக்கு ஓடும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். அப்படி இல்லாத பணக்கார வீட்டுப் பிள்ளை என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான் போனது 2017இல். ஊர் அறந்தாங்கிப் பக்கம். என்னை அனுப்பிவைத்த ஏஜென்ட், "காலேஜ் கேஎல் பக்கத்துலதான், கொஞ்ச தூரம்" என்று அடித்துச் சொன்னார். (கேஎல் என்றால் கோலாலம்பூர்.) வந்து பார்த்தால் பினாங்குத் தீவுகூட இல்லை, பட்டர்வொர்த் தாண்டி செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களுக்கு நடுவில் காலேஜ். அவர் சொன்ன கொஞ்ச தூரம் சுமார் 350 கிலோமீட்டர்! ஐந்து மாதம் ஹாஸ்டல், கேன்டீன், மறுபடி ஹாஸ்டல் என்று ஓட்டிய பிறகுதான் நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். ஆளுக்கு 200 வெள்ளி. (ரிங்கிட்டை இங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள், எனக்கும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு ஒரு வெள்ளி ஏறத்தாழ 15 ரூபாய்.)

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாஸ்போர்ட்ட பத்திரமா வச்சுக்க. பத்துமலையில என் பேர்ல உண்டியல்ல ஒரு வெள்ளி போடு" என்றார். அவ்வளவுதான். (பத்துமலை கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் முருகன் குகைக் கோயில்.)

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ். விடிவதற்கு முன்பே கோலாலம்பூரின் டிபிஎஸ் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் கொமுட்டர் (புறநகர்) ரயில் வரும்வரை சுவரில் சாய்ந்து தூங்கினோம். அங்கிருந்து பத்துமலைக்கு ரயில் மாறவே வேண்டாம், நேராகப் போகும். தூக்கக் கலக்கத்தில் நடுப்பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். ரெண்டு ஸ்டேஷன் தாண்டியதும் எதிரே இருந்த ஒரு அம்மா கனைத்தார். "தம்பி, இது பொம்பளைங்க கோச் லா. கதவுல பிங்க் கலர்ல ஒட்டியிருக்கே, கண்ணு தெரியலையா?" சுற்றிப் பார்த்தால் பெட்டி முழுக்கப் பெண்கள். அத்தனை நேரமும் எங்களையேதான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது அதே அம்மா, "ஊருக்காரப் பிள்ளைங்களா? பசியாறியாச்சா?" என்றார். பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. இல்லை என்றதும் பத்துமலையில் எந்தப் பக்கம் இட்லி விலை குறைவு என்பதிலிருந்து, கையில் பழத்தோடு படி ஏறினால் குரங்கு பிடுங்கும் என்பது வரை அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் சொல்லி முடித்தார். சொல்லியும் என் நண்பன் பிஸ்கட் பாக்கெட்டைப் பறிகொடுத்தான்.

மொத்தம் 272 படி. குகைக் கோயிலுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் படங்களில் பார்க்கும் வானவில் நிறப் படிகள் 2018இல் வந்தவை, என் போட்டோவில் இருக்காது. முருகன் சிலை 2006இல் வைத்தது, 140 அடி. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். (இப்போது சேலம் பக்கம் முத்துமலையில் 146 அடியில் வைத்துவிட்டார்கள். 2022இல் மாமா அதற்கும் ஒரு மெசேஜ் அனுப்பினார்: "நம்மூர்லயே இருக்கு, மலேசியா எதுக்கு?")

தங்கியது கோலாலம்பூரில் நம்மவர்கள் அதிகம் இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில். அங்கே 24 மணி நேரக் கடை ஒன்றில் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் வேலை பார்த்தார். கடைக்கு மேலே ஒரு அறை, மூன்று இரட்டை அடுக்குக் கட்டில்கள், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் சட்டைகள். அவருக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் அவர் கட்டிலையும் கூட வேலை பார்ப்பவருடைய கட்டிலையும் எங்களுக்குக் கொடுத்தார். காலை ஆறரைக்கு வந்து, "எந்திரிங்கப்பா" என்று தட்டினார். நாங்கள் எழுந்த சூடு ஆறுவதற்குள், சால்னா வாசம் அடிக்கும் அதே சட்டையோடு சுருண்டு படுத்துவிட்டார். ஆறு வருஷமாக இப்படித்தானாம். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடையை இங்கே அப்படிச் சொல்வார்கள்) வெறும் வெந்நீருக்கும் காசு உண்டு, பாட்டிலில் பிடித்துக்கொண்டு போங்கள், தே தாரே (பால் டீ) வேண்டாம், தே ஓ (பால் இல்லாத டீ) குடித்தால் மிச்சம் என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். தண்ணிக்குக் காசு வாங்குவதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இரட்டைக் கோபுரத்துக்கு சனி ராத்திரியே போயிருந்தோம். 88 மாடி, 452 மீட்டர். மேலே ஏறிப் பார்க்கும் டிக்கெட் எங்கள் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவைவிட அதிகம் என்பதால் ஏறவில்லை. முன்னால் நிற்க யாரும் காசு கேட்பதில்லை, பின்பக்கப் பூங்காவில் நீரூற்றும் இலவசம். இரண்டு கோபுரமும் முழுசாக விழ வேண்டும் என்று நண்பன் தரையில் படுத்து ஒரு போட்டோ எடுத்தான். அதில் நான் கொஞ்சம் பணக்காரனாகத் தெரிந்தேன், அதுதான் வினை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட பத்தாவது நிமிஷம் மாமா: "படிக்கப் போனானா, ஊர் சுத்தப் போனானா?"

'மூத்தவர் அக்கறையில் சொன்னார், இதில் என்ன தப்பு' என்று கமென்டில் சிலர் வருவீர்கள், தெரியும். அக்கறைதான். ஆனால் அந்த அறையில் ஷிஃப்டுக்குக் கட்டில் மாற்றித் தூங்கும் அண்ணனும் என்றைக்காவது ஒரு போட்டோ போடுவார். அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அவர் பணம் அனுப்புகிறவர், நான் வாங்குகிறவன். மூன்று வேளையும் மேகி தின்று அறையிலேயே கிடந்தாலும் அந்தப் பேச்சு எனக்கு வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இதே மாமா நான் முதல் லீவுக்கு வந்தபோது கேட்டது 12 பாட்டில் கோடாலித் தைலம். அத்தை தனியாக ஆறு. பக்கத்து வீட்டுக்கு நாலு. பெட்டிக்கு 20 கிலோதான் அனுமதி, என் புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டுத் தைலம் சுமந்தேன். சென்னை பர்மா பஜாரிலேயே கிடைக்கிற பொருள் அது! ஊர் சுற்றினால் வீண் செலவு, தைலம் மட்டும் அத்தியாவசியமா? ஒருத்தர்கூடக் காசு தரவில்லை.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு ஆறு கூடும் இடத்தில் இருக்கிற மஸ்ஜித் ஜாமெக், அப்புறம் பசார் செனி சந்தை என்று நடந்தே பார்த்தோம். ஆறரைக்குப் பஸ். கொமுட்டர் அரை மணி நேரம் தாமதம். போய்ச் சேர்ந்தால், அச்சடித்த தாளைக் கவுன்டரில் காட்டி வேறு டிக்கெட் வாங்க வேண்டுமாம், அங்கே அனுமார் வால் மாதிரி வரிசை. பஸ் போயே போய்விட்டது. ஞாயிறு சாயங்காலம் ஊருக்குத் திரும்புகிற கூட்டம் அத்தனையும் அங்கேதான் நிற்கும். அடுத்து இடம் கிடைத்தது நடுராத்திரிப் பஸ்ஸில், ஆளுக்கு இன்னொரு 40 வெள்ளி. விடிகாலை வந்து படுத்தவன் எட்டு மணி லேப் தேர்வுக்கு எழவில்லை. அந்த மார்க் போனது போனதுதான். இது மட்டும் மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

எனக்கு மொத்தம் ஆன செலவு 170 வெள்ளிக்குக் கொஞ்சம் மேல், அதில் 40 என் அசட்டுத்தனத்துக்கு. இப்போது எல்லாமே ஏறியிருக்கும், கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டும் மாணவர் அட்டையும் அசல் கையில் இருக்கட்டும், வழியில் கேட்பார்கள். திரும்பும் பஸ் ஞாயிறு மதியம். போட்டோவைக் குடும்பக் குரூப்பில் போடாதீங்க, அப்பாவுக்குத் தனியாக அனுப்புங்க.