சீட் கெட்டி, இடுப்பில் வலி: குஷன் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்

கேள்வி: "கார் மாற்றி ஆறு மாதம் ஆகிறது. சீட் பலகை மாதிரி கெட்டி. முக்கால் மணி நேரம் ஓட்டினாலே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது, இறங்கியவுடன் நிமிர முடிவதில்லை. மெத்தென்று ஒரு குஷன் வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் சுகமாக இருந்தது, அப்புறம் வலி முன்பைவிட அதிகம். வயது 46. டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக இரண்டு வருடம் முன்பு சொன்னார்கள், இப்போது காலுக்கு வலி இறங்குவதில்லை. எந்த குஷன் வாங்கலாம்?"

குஷன் பற்றிப் பிறகு சொல்கிறேன். சீட் கெட்டியாக இருப்பதுதான் உங்கள் வலிக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மெத்தென்ற குஷனைப் போட்டதும் வலி கூடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே பெரிய துப்பு.

ஒரு நாற்காலியில் உங்கள் கைகளை, உள்ளங்கை மேலே பார்க்கும்படி, பின்புறத்துக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எலும்பு முண்டுகள் கையில் தட்டுப்படும். உட்காரும்போது உடம்பின் பாரம் பெரும்பாலும் அவற்றின் மேல்தான் இறங்குகிறது. அவற்றுக்குக் கீழே அசையாத ஒரு தளம் இருந்தால் இடுப்பெலும்பு நேராக நிற்கும், அதன் மேல் முதுகெலும்பும் தன் இயல்பான வளைவோடு நிற்கும். தளம் மெத்தென்று உள்வாங்கினால் அந்த முண்டுகள் புதைந்து இடுப்பெலும்பு பின்பக்கமாகச் சரிகிறது, கீழ்முதுகில் உள்நோக்கி இருக்க வேண்டிய குழிவு தட்டையாகி, கொஞ்ச நேரத்தில் கூன் போலவே ஆகிவிடுகிறது. அந்த நிலையில் முக்கால் மணி நேரம் இருந்தால் முதுகின் பின்பக்கத் தசைநார்கள் மெல்ல மெல்ல இழுபட்டுத் தளர்ந்துபோகும், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்கின் பின்பக்கச் சுவருக்கும் இழுவிசை போகும். இழுபட்ட நார்கள் பழைய நிலைக்கு வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இறங்கியவுடன் நிமிர முடியாமல் நிற்கிறீர்களே, அது இதனால்தான்.

அப்படியானால் குஷன் இல்லாதபோதும் வலித்ததே என்று கேட்பீர்கள். பல கார்களில் சீட்டின் இருக்கைப் பகுதி முன்னால் உயர்ந்து பின்னால் தாழ்ந்திருக்கும், பிரேக் பிடிக்கும்போது ஆள் முன்னால் வழுக்காமல் இருக்க அந்தச் சரிவு தேவைதான். சரிவு கூடிப்போனால் முழங்கால் மேலே, இடுப்பு கீழே என்றாகி, கெட்டியான சீட்டிலும் இடுப்பெலும்பு பின்னால் உருளும். உங்கள் சீட்டில் எவ்வளவு சரிவு என்று பார்க்க, காரைச் சமதரையில் நிறுத்தி, இருக்கை மேல் கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தை வைத்து, அதன் மேல் உருண்டையான தண்ணீர் பாட்டிலைக் கதவுக்குக் கதவு பார்க்கும்படி குறுக்காகக் கிடத்துங்கள். விருட்டென்று உருண்டு முதுகுச் சாய்மானத்தில் போய் முட்டினால், நீங்களும் தினமும் அந்தப் பள்ளத்தில்தான் உட்காருகிறீர்கள்.

சரி, இப்போது திருத்துவோம். வரிசை முக்கியம், ஏனென்றால் ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும்.

முதலில் பின்புறம் சாய்மானத்தின் அடிமூலையில் ஒட்டும்வரை உள்ளே தள்ளி உட்காருங்கள். பலரும் இந்த இடத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டிருப்பார்கள். அடுத்து கிளட்சை (ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை) முழுதாக அழுத்தும்போதும் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்படி சீட்டை முன்னே நகர்த்துங்கள். காலை நீட்டி எட்டிப் பிடித்து அழுத்தினால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் இடுப்பு திருகிக்கொள்ளும். சீட்டின் உயரத்தை மாற்ற வசதி இருந்தால், இடுப்பு முழங்காலுக்குச் சமமாகவோ ஒரு பிடி மேலாகவோ வரும்வரை தூக்குங்கள், தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கை அகலம் இருக்கட்டும். சாய்மானத்தை இருக்கையோடு 100 முதல் 110 டிகிரி வரை சாயுங்கள். 90 டிகிரியில் விறைப்பாக உட்காருவதுதான் முதுகுக்கு நல்லது என்று வெகுநாளாக ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தவறு. 1970களில் சுவீடனில் எலும்பு மருத்துவர்கள் ஆல்ஃப் நாக்கெம்சன், குன்னர் ஆண்டர்சன் குழுவினர் டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள், கார் டிரைவர் சீட்டிலும் அளந்தார்கள். முதுகு சாயச் சாய, கீழ்முதுகுக்குத் தாங்கலும் கிடைக்கும்போது, அழுத்தம் இறங்கியது. ஆனால் ரொம்பச் சாய்த்தால் ஸ்டீயரிங்கை எட்டித் தொடத் தோள் முன்னால் வரும், கழுத்து நீளும். தோள் சாய்மானத்தில் ஒட்டியபடி கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிய வேண்டும், அதுதான் அளவு.

இப்போது துண்டு. கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரமாவது இதைச் செய்யச் சொல்லிக் கெஞ்சிக் கேட்கிறேன். சின்னக் கைத்துண்டு ஒன்றை உங்கள் மணிக்கட்டுப் பருமனுக்குச் சுருட்டி, இரண்டு முனையிலும் ரப்பர் பேண்ட் போடுங்கள். சீட்டில் முன்னால் குனிந்து, பின்புறத்தை முழுக்க உள்ளே தள்ளி, பேன்ட் பெல்ட் கட்டும் இடத்துக்கு ஒரு விரல் மேலே துண்டைக் குறுக்காக வைத்து, அப்படியே மெதுவாகச் சாயுங்கள். யாரோ பின்னாலிருந்து கையால் அணைத்துத் தாங்குவது போல இருந்தால் சரியான அளவு. முன்னால் தள்ளுவது போல இருந்தாலோ, தோள் சாய்மானத்தை விட்டு விலகினாலோ பருமன் அதிகம், ஒரு சுற்றைப் பிரித்துவிடுங்கள். 3, 4 சென்டிமீட்டருக்கு மேல் பெரும்பாலும் யாருக்கும் தேவைப்படாது. முதல் நாள் இருபது நிமிடம் வைத்துப் பாருங்கள், பிறகு எடுத்துவிடுங்கள், பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். காரிலேயே லம்பார் சப்போர்ட் (கீழ்முதுகைத் தாங்கச் சாய்மானத்துக்குள்ளேயே இருக்கும் புடைப்பு) இருந்தால் அதை முழுக்க உள்ளே இறக்கிவிட்டு, பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுவாருங்கள்.

துண்டு வைத்தும் வலி பாதிதான் குறைகிறது, பாட்டிலும் வேகமாக உருண்டது என்றால், அப்போதுதான் இருக்கைக்கான குஷன். அது ஆப்பு வடிவத்தில், பின்பக்கம் 4, 5 சென்டிமீட்டர் கனமாகவும் முன்பக்கம் மெலிந்தும் இருக்க வேண்டும், அந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. இதையும் முதலில் ஒரு கெட்டிப் போர்வையைப் படிப்படியாக மடித்து, நிறுத்திய காரில் உட்கார்ந்து சோதித்துவிடலாம். வாங்கும்போது முஷ்டியை வைத்து அரை நிமிடம் அழுத்துங்கள், அடித்தளம் கையில் தட்டினால் வேண்டாம். மெமரி ஃபோம் குளிரில் கல்லாகும், வெயிலில் நின்ற காருக்குள் களிமண் போல இளகும், அதனால் காருக்கு அதை மட்டும் நம்பி வாங்குவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. அழுத்தினால் திருப்பித் தள்ளும் அடர்த்தியான ஃபோமே மேலானது. வால் எலும்பில் வலி இருப்பவர்களுக்குப் பின்பக்கம் வெட்டு விட்ட குஷன் நல்லது, நடுவில் ஓட்டை போட்ட வளையம் காரில் வேண்டவே வேண்டாம், அது ஆளைத் தளும்ப வைக்கும்.

குஷன் போட்டதும் நீங்கள் உயர்ந்தும் முன்னால் வந்தும் இருப்பீர்கள். கண்ணாடிகளைத் திரும்பச் சரிசெய்யுங்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும், ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பின் மேல் தாழப் படிய வேண்டும், கனத்த மெத்தென்ற குஷனில் விபத்தின்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும் ஆபத்து உண்டு. ஹெட்ரெஸ்ட் தலையின் உச்சி மட்டத்துக்கு, பின்தலைக்கு நெருக்கமாக இருக்கட்டும். குஷனின் அடியில் வழுக்காத துணி இருக்கிறதா என்று பாருங்கள், பிரேக் பிடிக்கும்போது அது நகரக் கூடாது. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதிய பட்டி இருந்தால் அந்த இடத்தை எந்த உறையாலும் மூடாதீர்கள். ஃபோமையே மாற்றித் தைக்கும் யோசனை வந்தால், சீட்டுக்குள் ஓடும் சென்சார், ஒயர் பற்றி அறிந்தவரிடம் மட்டுமே கொடுங்கள்.

இன்னொன்று, டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது? கேட்பதற்குச் சம்பந்தமில்லாதது போல இருக்கும். உட்கார்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்பு வினாடிக்கு 4 முதல் 6 முறை மேலும் கீழும் ஆட்டும் அதிர்வில்தான் அதிகமாகக் குலுங்கும், காரின் அதிர்வில் அந்தப் பங்கும் சேர்ந்தே வருகிறது. காற்று அளவுக்கு மேல் இருந்தாலோ ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தாலோ சீட்தான் கெட்டி என்று தோன்றும். பெரும்பாலான கார்களில் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் சரியான அளவு ஒட்டியிருக்கும், அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பாக்கெட்டில் பர்ஸ் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். கார்டுகள் அடைத்த பர்ஸ் மேல் உட்கார்ந்து பின்புறமும் காலும் வலித்த கதை 1978லேயே ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

எவ்வளவு நல்ல சீட்டானாலும் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். இறங்கும்போது இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே திருப்பிவிட்டு எழுந்திருங்கள். இறங்கிய கையோடு டிக்கியைத் திறந்து பெட்டியைத் தூக்காதீர்கள். தளர்ந்த நார்கள் அப்போது முதுகைக் காக்கும் நிலையில் இருக்காது, கொஞ்சம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

இதெல்லாம் உங்களைப் போல, உட்கார்ந்தால் வலிக்கும், நடந்தால் குறையும் என்பவர்களுக்கு. தண்டுவடப் பாதை சுருங்கியவர்களுக்கு நேர்மாறு, அவர்களுக்கு முன்னால் குனிந்தால்தான் சுகம், துண்டைப் பருமனாக வைத்தால் வலி கூடும், அப்படி ஆனால் எடுத்துவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரம் இதைச் செய்தும் மாற்றமே இல்லையென்றால் நேரில் காட்டுங்கள். காலுக்கு வலி இறங்க ஆரம்பித்தாலோ, இரவில் படுத்தாலும் வலி விடவில்லை என்றாலோ, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்தாலோ அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். பாதத்தைத் தூக்கப் பலம் குறைந்தாலோ, தொடையிடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம் தெரிந்தாலோ காரை நீங்கள் ஓட்டாமல் வேறு யாரையாவது ஓட்டச் சொல்லி அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.