கேள்வி – பதில்: கிழவர் கொடுத்த துவக்கு

கேள்வி: "துப்பாக்கி" என்ற சொல் திருக்குறளிலேயே இருக்கிறது என்று என் நண்பன் பந்தயம் கட்டியிருக்கிறான். உண்மையா ஐயா?
– மாணவன், சாவகச்சேரி

பதில்: சொல் இருக்கிறது, பொருள் இல்லை. வான்சிறப்பு அதிகாரத்தில் 12ஆம் குறள். அங்கே துப்பு என்றால் உணவு. துப்பாக்கி என்றால் உணவை உண்டாக்கி. வள்ளுவர் பாடுவது மழையை. சுடுகிற துப்பாக்கி, துருக்கியர் துவக்கைக் குறிக்கும் துஃபெக் என்ற சொல்லின் வழி வந்தது. நம்முடைய துவக்கும் சிங்களத்துத் துவக்குவவும் அதே குடும்பந்தான். ஒருமுறை திருச்சியில் ஒருவரிடம், "என்னிடம் ஒரு பழைய துவக்கு இருந்தது" என்றேன். "எதைத் துவக்கினீர்கள்?" என்று கேட்டார். பந்தயப் பணத்தை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் புங்குடுதீவைச் சேர்ந்தவன். ஒன்ராறியோவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு மரவேலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே எனக்கு போர்மனாக இருந்த வெள்ளைக்காரருக்கு இப்போது 84 வயது. தொழிலைக் கற்றுத் தந்தவரும் அவர்தான், காட்டுக்குக் கூட்டிச் சென்று மான் வேட்டையைக் கற்றுத் தந்தவரும் அவர்தான். முதியோர் இல்லத்துக்குப் போகுமுன் தன்னுடைய பழைய லீ-என்ஃபீல்ட் இராணுவ ரைபிளை எனக்குக் கொடுத்துவிட்டார். கூடவே ஒரு தகரப் பெட்டி நிறையப் பழைய தோட்டாக்கள். என்னிடம் துவக்கு அனுமதிப்பத்திரமும் வேட்டை அனுமதியும் இருக்கின்றன. இந்த நவம்பரில் இதைக் கொண்டு வேட்டைக்குப் போகலாமா? குழலின் அடியில் ஓடும் முன்மரத்தை வெட்டிக் குறைத்துத் தொலைநோக்கி பூட்டச் சொல்கிறான் ஒரு நண்பன். மனைவிக்கோ வீட்டில் துவக்கு இருப்பதே பிடிக்கவில்லை, அதுவும் கந்தசஷ்டி நேரத்தில்.
– வாசகர், ஒன்ராறியோ, கனடா

பதில்: தம்பி, போகலாம். ஆனால் அதற்கு முன்னால் சில வேலைகள் இருக்கின்றன.

தகரப் பெட்டியை ஒதுக்கி வையுங்கள். அந்தக் காலத்து இராணுவத் தோட்டாவில் குண்டு முழுவதும் உலோக உறை போர்த்தியிருக்கும். அது மானை ஊசி போல் துளைத்துக்கொண்டு அப்பால் போய்விடும். மான் ஓடும், நீங்கள் பின்னால் ஓடுவீர்கள், இருட்டிவிடும். மானுக்கு ஈயமுனை வெளியே தெரிகிற மென்முனைத் தோட்டாதான் வேண்டும். இன்னொன்று, பழைய இராணுவத் தோட்டாக்கள் பலவற்றில், அடியில் இருந்து தீ மூட்டுகிற அடிமருந்து வெடித்த பிறகு குழலுக்குள் ஒருவகை உப்பை விட்டுச் செல்லும். அது கறியுப்பைப் போலவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் குழலை அரித்துவிடும். எண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் குழலைக் கெடுப்பவர்கள். உப்பு எண்ணெயில் கரைவதில்லை. கொதிநீரைப் புனல் வைத்து ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய். கிழவர் எந்தத் தோட்டாவைச் சுட்டார், எப்படிக் கழுவினார் என்று கேளுங்கள்.

அடுத்தது துவக்கு. எங்கள் காலத்தில் இங்கே பொலிஸ்காரர் தோளில் கிடந்ததும் இந்த இனந்தான். 'திரி நோட் திரி' என்போம். உங்களுடையதன் இடப்பக்க இரும்பில் 'லோங் பிராஞ்ச்' என்ற பெயரும் 1941 முதல் 1945 வரையான ஓர் ஆண்டும் வெட்டியிருந்தால், அது இரண்டாம் உலகப் போரின்போது ரொறன்ரோவுக்குப் பக்கத்திலேயே செய்தது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் தண்டுதான் போல்ட். அதன் கைப்பிடியின் பின்பக்கம் ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கமும் துவக்கின் இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறு துவக்கின் போல்ட் மாறி வந்திருந்தால், தோட்டாவின் விளிம்புக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையில் இடைவெளி கூடியிருக்கலாம். அப்படியிருந்தால் சுடும்போது தோட்டாவின் பித்தளைக் கோது பின்னுக்கு நீளும், ஒருநாள் இரண்டாகப் பிரியும். சுட்ட கோதின் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் தெரிந்தால் அதுதான் அறிகுறி. ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கோதின் உட்சுவரில் இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். இதையெல்லாம் கேஜ் என்ற அளவுகருவி வைத்துப் பார்க்கத் துவக்குத் திருத்துபவர்கள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். கொடுத்துப் பாருங்கள். பார்க்கத்தான் கொடுக்க வேண்டும், திருத்த அல்ல.

முன்மரத்தை வெட்டச் சொன்ன நண்பரிடம், தன் வீட்டுக் கதவை வெட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ரைபிளில் முன்மரம் அழகுக்கு வைத்ததல்ல. குழலின் நுனியை மெல்லத் தாங்கிப் பிடிக்கும்படி செய்தது. அதைக் குறைத்தால் துவக்கு அடிக்கும் இடமே மாறும். குழல் நுனியில் நிற்கும் குறிமுனையும் அப்படித்தான். ஒவ்வொரு ரைபிளையும் தனித்தனியே சுட்டுப் பார்த்து, உயரம் பொருந்துகிற குறிமுனையைப் பொறுக்கி, இடமும் வலமும் தட்டி இறுக்கியிருப்பார்கள். கண்ணுக்குக் கிட்ட இருக்கிற பின்குறியில் மடக்கு வகை இருந்தால், அதன் கிட்டத் துவாரம் முந்நூறு யாருக்கு வைத்தது. நூறு யாரில் சற்று மேலே அடிக்கும். கிழவர் அதற்கு என்ன கணக்கு வைத்திருந்தார்? மானின் எந்த இடத்தில் குறி வைத்தார்? இது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அவர் தலைக்குள் இருக்கிறது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

1974 இல் நான் துணுக்காய்ப் பக்கம் ஒரு சிறிய குளத்தின் கட்டு வேலைக்கு மேற்பார்வையாளனாகப் போனேன். அங்கே பெரிய ஓவசியர் ஒருவர் இருந்தார். கொடிகாமத்தார். மண் கட்டை மிதித்துப் பார்த்தே ஈரம் சொல்வார், துருசுக் கதவின் சத்தத்தைக் கேட்டே அதன் பழுதைச் சொல்வார். எனக்கு ஆணையிட்டதைவிட என் முன்னால் செய்து காட்டியதுதான் கூடுதல். அவரிடம் ஒரு பி.எஸ்.ஏ. ரைபிள் இருந்தது, பாயிண்ட் இருபத்திரண்டு. ஒரு முறைக்கு ஒரு தோட்டா. மூன்று துவக்குகளைக் கூம்பாகச் சாய்த்து நிறுத்திய முத்திரை இரும்பில் பாதி தேய்ந்து கிடந்தது. மாலையில் அலைகரையில் முயல் மேய வரும். ஓவசியர் ஐயா ஒரு தோட்டாவை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். ஒன்று தவறினால் திரும்பி வந்து பருப்புக் கறியோடு சாப்பிடுவார்.

ஓய்வு பெற்றபோது, "எனக்குக் கண் மங்குகிறது, நீ வைத்துக்கொள்" என்றார். இருவரும் பஸ் ஏறி அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போய் என் பெயருக்கு மாற்றினோம். துவக்கைச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதைப் பற்றி அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே.

முதல் வாரத்தில் மூன்று வெடி, மூன்றும் தவறின. விளக்கடியில் துவக்கைத் திருப்பிப் பார்த்தேன். குறிமுனை நடுவில் இல்லை. இடப்பக்கம் ஒரு நெல்லின் அகலத்துக்குத் தள்ளி நின்றது. 'கிழவர் இவ்வளவு காலம் கவனிக்கவில்லையே' என்று நினைத்தேன். யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வந்தபோது ஒரு கொல்லரிடம் கொடுத்து அதை நடுவுக்குத் தட்டுவித்தேன். பார்க்க நூல் பிடித்தது போல் இருந்தது.

திரும்பிப் போன அன்று மாலையே ஒரு முயல். நாற்பது யார் இருக்கும். நெஞ்சுக்குக் குறி வைத்தேன், பின்தொடையில் பட்டது. முயல் கத்தும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். குழந்தைச் சத்தம். இழுத்துக்கொண்டு சூரைப் பற்றைக்குள் போய்விட்டது. ரோச் லைற்றின் பற்றறி தீரும்வரை தேடினேன். கையெல்லாம் முள். கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் கொடிகாமத்துக்குத் துவக்கோடு போனேன். ஓவசியர் ஐயா திண்ணையில் இருந்தார். நான் சொல்லி முடிக்குமுன்னே துவக்கை வாங்கி, குழலின் மேல் பெருவிரலை மெல்ல ஓட்டினார். நுனிக்கு வந்ததும் விரல் நின்றது. நகத்தால் குறிமுனையின் அடியைத் துழாவினார்.

"யார் இதை நிமிர்த்தினது?"

"நான்தான் ஐயா, கொல்லரிடம் கொடுத்து…"

"57 வெள்ளத்தில் குளம் உடைத்தபோது இது மாட்டு வண்டியிலிருந்து விழுந்தது. குழல் இடப்பக்கம் ஒரு சொட்டு வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தான் குறிமுனையையும் இடப்பக்கம் தள்ளினேன்."

அவ்வளவுதான் சொன்னார். ஏசவில்லை. உள்ளே போய் ஒரு பித்தளைச் சாவியும் ஒரு சிரட்டையும் எடுத்து வந்தார். குறிமுனையின் அடியில் அவர் அன்று கீறிய மெல்லிய கோடு கொல்லரின் அரத்துக்குத் தப்பிப் பாதி மிஞ்சியிருந்தது. அந்தக் கோட்டுக்கு வரும்வரை சாவியால் தட்டினார். சிரட்டையைப் பனையடியில் சாய்த்து வைத்து என்னைச் சுடச் சொன்னார். ஐந்தாவது வெடியில் சிரட்டை பிளந்தது. முதல் வாரத்தில் தவறியது என் கை. பழியைக் குறிமுனை மேல் போட்டிருக்கிறேன்.

ஆகவே இந்த ஞாயிறே முதியோர் இல்லத்துக்குப் போங்கள். துவக்கைக் கொண்டு போக வேண்டாம், அங்கே கலவரம் ஆகிவிடும். நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு கொப்பியும். எங்கே விழுந்தது, எது மாற்றியது, ஈரத்தில் முன்மரம் ஊதினால் எந்தப் பக்கம் இழுக்கும், விசையின் முதல் இழுப்பு எங்கே முடிந்து இரண்டாவது எங்கே தொடங்குகிறது, கடைசியாகச் சுட்ட மான் எத்தனை யாரில் நின்றது, எல்லாவற்றையும் கேளுங்கள். உங்கள் கண்ணுக்குக் கோணலாகத் தெரிவதைப் பற்றி முதலில் கேளுங்கள். எண்பத்துநாலு வயதுக்காரரிடம் ஒரே நாளில் எல்லாம் வராது, மூன்று நான்கு ஞாயிறு போகும். அதன் பிறகு துவக்கைச் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ப் புதிய தோட்டாவில் சுட்டுப் பாருங்கள். நூறு யாரில் ஒரு சிரட்டை அளவுக்குள் ஐந்து வெடியும் விழாதவரை காட்டுப் பக்கம் போக வேண்டாம். இந்த நவம்பர் தப்பினால் அடுத்த நவம்பர்.

இன்னொன்று. கனடாவில் 2022 மே முதல் இந்த வகைத் துவக்கைக் கைமாற்றுவதற்கும் பதிவாளரிடமிருந்து ஓர் ஒப்புதல் எண் வாங்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று எழுதினீர்கள், அந்த எண்ணைப் பற்றி எழுதவில்லை. பாருங்கள்.

உங்கள் மனைவி, அந்தத் தங்கச்சியின் பக்கமும் நியாயம் இருக்கிறது. தோட்டா இல்லாத துவக்கு பூட்டுப் போட்ட பெட்டியில், தோட்டா வேறு பூட்டில், இரண்டு சாவியும் உங்களிடம் மட்டும். இதை உங்கள் நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் கேட்கிறது. சுவரில் அழகுக்கு மாட்ட வேண்டாம். சஷ்டிக்கு என் யோசனை, அந்த ஆறு நாளும் பெட்டியைத் திறக்காதீர்கள். ஓவசியர் ஐயா வெள்ளிக்கிழமையில் துவக்கைத் தொட்டதில்லை, முயலே வந்து வாசலில் குந்தியிருந்தாலும். பாறணை முடிந்த பிறகு போய்வாருங்கள். மான் இறைச்சியைத் தங்கச்சி சமைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிளகும் சீரகமும் கூடுதலாகப் போட்டு வெளியே முற்றத்து அடுப்பில் நீங்களே சமையுங்கள். பாதியைக் கிழவருக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

அந்த ரைபிள் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். 1985 இல் ஓர் இரவு இயக்கப் பொடியன்கள் வந்தார்கள். அப்போது வீடு வீடாக அனுமதிப்பத்திரத் துவக்குகளைச் சேர்த்துக்கொண்டிருந்த காலம். வந்தவர்களில் மூத்தவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன், வேறு வழியில்லை. வெளிக்கதவு வரை கூடப் போய், "தம்பி, குறிமுனை இடப்பக்கம் தள்ளி நிற்கிறது, அதை நிமிர்த்திவிட வேண்டாம்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் மட்டும் சைக்கிளை நிறுத்தி, துவக்கைத் திருப்பி நுனியைப் பார்த்தான். "ஏன் அண்ணை?" என்று கேட்டான். சொன்னேன். ஓவசியர் ஐயா அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

கேள்வி: பாட்டனாரின் பழைய வீட்டைப் பிரிக்கும்போது கூரை வளையில் ஓர் இடியன் துவக்கு செருகியிருக்கிறது. துரு ஏறிவிட்டது. பன்றிக் காவலுக்குப் பயன்படுத்தியது என்று அம்மா சொல்கிறார். நினைவாக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: கூடாது. கையும் வைக்காதீர்கள். இடியன் என்பது குழல் வாய் வழியே மருந்தை இடித்துக் கெட்டிக்கிற நாட்டுத் துவக்கு. அதைக் கெட்டித்தபடியே செருகி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். கரிமருந்து ஈரம் படாமல் கிடந்தால் எத்தனை ஆண்டானாலும் வெடிக்கும். கூரை வேலையை நிறுத்திவிட்டு, கிராம அலுவலருக்கும் பொலிஸுக்கும் சொல்லி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். அனுமதியில்லாத துவக்கு வீட்டில் இருந்தால் பாட்டனார் பதில் சொல்ல வரமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். நினைவுக்குப் பாட்டனாரின் வெற்றிலைத் தட்டம் கிடைக்கிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.