வார்டு மாறிப்போச்சு, இனி என் ஓட்டு எங்கே? – ராமநாதபுரம் கடலோரக் கேள்விகளுக்குப் பதில்

யூனியன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 1996, 2001, 2006, 2011, 2019 என்று ஐந்து ஊரகத் தேர்தல்களில் வேலை செய்திருக்கிறேன். வார்டு எல்லை மாறியதிலிருந்து குழப்பம் தீரவில்லை என்று பலரும் கேட்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாம்பனிலிருந்து ஒரு தம்பி: சார், இத்தனை வருஷமா ஒரே வார்டுல இருந்த எங்க தெரு, 2019-ல ரெண்டாப் பிரிஞ்சு கிடந்துச்சு. யார் இப்படிக் கோடு போடுறது?

தம்பி, 2017-இல் இதற்கென்று தமிழ்நாடு மறுவரையறை ஆணையம் அமைத்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வார்டுகளைப் பிரித்தார்கள். ஒன்றிய கவுன்சிலர் வார்டுக்கு ஏறத்தாழ 5,000 பேர், மாவட்ட கவுன்சிலர் வார்டுக்கு ஏறத்தாழ 50,000 பேர் என்பதுதான் அடிப்படை. இது தலைக்கணக்கு, வாக்காளர் கணக்கு இல்லை. அதனால் 2011-க்குப் பிறகு கட்டின வீடுகளும் குடிவந்த குடும்பங்களும் இந்தத் தலைக்கணக்கில் வரவே வராது, அவர்களுக்கு ஓட்டு மட்டும் இருக்கும்.

நம் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 429 ஊராட்சிகள். ஒன்றிய வார்டு 170, மாவட்ட வார்டு 17. கணக்குப் போட்டுப் பாருங்கள், சராசரியாக ஒரு ஒன்றிய வார்டுக்கு இரண்டரை ஊராட்சி வருகிறது. சின்ன ஊர்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், பாம்பன் மாதிரி பெரிய ஊரை உடைப்பார்கள். உங்கள் தெரு அப்படித்தான் உடைந்திருக்கும்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு. கோடு போட்டதும் அதுவே முடிவாகிவிடாது. முதலில் வரைவு வரும், ஆட்சேபணை கேட்பார்கள், கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அப்புறம்தான் இறுதி அறிவிப்பு. போன தடவை வரைவு 2017 டிசம்பர் கடைசியில் வந்தது, ஆட்சேபணைக்கான நாட்கள் புத்தாண்டை ஒட்டிப் போய்விட்டன. நான் வேலை பார்த்த ஆபீசில் பட்டியலைப் பலகையில் ஒட்டியிருந்தோம். எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஒரு விவசாய ஊரோடு ஒரு மீனவக் குடியிருப்பைச் சேர்த்திருந்தது எனக்குக் கண்ணில் பட்டது. அந்தக் குடியிருப்பிலிருந்து ஒருவர்கூட மனு கொண்டுவரவில்லை, ஏனென்றால் பலகையில் ஒட்டியதை யாரும் ஊருக்குள் போய்ச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது இன்னும் எனக்கு உறுத்தல்தான். 2019 டிசம்பரில் தேர்தல் வந்ததும் இருபது பேர் திரண்டு வந்தார்கள். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதே தம்பி: கோர்ட்டுக்குப் போனா மாத்த முடியாதா?

அரசியல் சாசனத்தின் 243-ஓ பிரிவு, வார்டு வரையறைச் சட்டம் செல்லுமா என்பதையும், அதன்படி இடங்களை ஒதுக்கியதையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது என்கிறது. 2019-இல் ஒன்பது மாவட்டங்களுக்குத் தேர்தலை நிறுத்தினார்களே என்று கேட்பீர்கள். அது வேறு. தென்காசி, கள்ளக்குறிச்சி மாதிரி மாவட்டங்களைப் புதிதாகப் பிரித்த இடங்களில் மறுவரையறை முடியாமலே தேர்தல் அறிவித்ததால், அதை முடித்துவிட்டு நடத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. போட்டு முடித்த கோடு பிடிக்கவில்லை என்று போனால் அந்த வழி திறக்காது. மனு கொடுக்கிற நேரம் வரைவு வந்த அந்தச் சில நாட்கள்தான்.

கீழக்கரையிலிருந்து: பெரியபட்டினத்துல இருக்கிற என் மாமாவுக்கு மாவட்ட கவுன்சிலர் ஓட்டு இருக்கு, எனக்கு இல்லையாம். பட்டியல்ல தப்பா?

தப்பு இல்லை. கீழக்கரை நகராட்சி. மாவட்ட ஊராட்சித் தேர்தலில் கிராம ஊராட்சிக்காரர்களுக்குத்தான் ஓட்டு. ராமேஸ்வரம், தொண்டி, மண்டபம், சாயல்குடிக்காரர்களுக்கும் இதே பதில்தான். உங்களுக்கெல்லாம் நகராட்சி அல்லது பேரூராட்சி வார்டு கவுன்சிலர் தேர்தல் தனியாக வரும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு அம்மா: போன தடவை பூத்துல என் பேர் இருந்துச்சு, என் வீட்டுக்காரர் பேர் வேற வார்டுல. ரெண்டு பேரும் ஒரே வீடுதான் ஐயா.

இந்தக் குறைதான் எனக்கு அதிகம் வந்தது, அம்மா. சட்டமன்றத் தேர்தல் பட்டியலை எடுத்து, தெருவாரியாக வெட்டி, புது வார்டுகளுக்கு ஒட்டுவதுதான் உள்ளாட்சிப் பட்டியல். பழைய பட்டியலில் கணவர் பெயர் ஒரு தெருவிலும் மனைவி பெயர் இன்னொரு தெருவிலும் பதிவாகியிருந்தால், பிரிக்கும்போது இரண்டு பேரும் இரண்டு பக்கம் போய்விடுவார்கள். பெயரே இல்லையென்றால் முதலில் சட்டமன்றப் பட்டியலில் 6-ஆம் எண் படிவம் கொடுத்துச் சேர வேண்டும். பெயர் இருந்து வார்டு மட்டும் தப்பென்றால் வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு நகலோடு யூனியன் ஆபீசில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். தேர்தல் அறிவிக்கும் வரை காத்திருக்காதீர்கள். வாக்காளர் அட்டை கையில் இருப்பதை வைத்து ஓட்டு இருக்கிறது என்று நம்பவும் வேண்டாம், பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஓட்டு.

தங்கச்சிமடத்திலிருந்து: கடலுக்குப் போற நாள்ல தேர்தல் வச்சா நாங்க என்ன செய்ய? தடைக்காலத்துல வைக்கலாம்ல?

நியாயமான கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகுக்காரர்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும் அந்த மாதங்களில் வைத்தால் கரையில் ஆண்கள் ஓட்டு நிச்சயம் கூடும். 2019-இல் டிசம்பர் 27 வெள்ளி, 30 திங்கள் என்று இரண்டு கட்டமாக நடந்தது. திங்கள் என்றால் இங்கே விசைப்படகு கடலுக்குப் போகிற நாள். வாக்குப்பதிவு காலை 7 மணி முதல் மாலை 5 வரைதான். தேதி முடிவு செய்வது மாநிலத் தேர்தல் ஆணையம், அதனால் உங்கள் சங்கங்கள் சேர்ந்து தேதி அறிவிக்கும் முன்பே ஆட்சியர் வழியாக எழுதுங்கள். தேர்தல் நாளன்று தொழிலுக்குப் போவதில்லை என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுப்பது இன்னும் நல்லது.

பெரியபட்டினம்: சவூதியில இருக்கேன், ஓட்டு அனுப்ப வழி இருக்கா?

இல்லை. நேரில் வந்தால்தான்.

மூக்கையூர்: நாலு சீட்டு குடுக்குறாங்க, எங்க ஆத்தாவுக்கு எது யாருக்குன்னே தெரியல.

நிறத்தைச் சொல்லிக் கொடுங்கள். ஊராட்சி வார்டு உறுப்பினர் வெள்ளை (ஒரே பூத்தில் இரண்டு வார்டு இருந்தால் ஒன்றுக்கு நீலம்), தலைவர் இளஞ்சிவப்பு, ஒன்றிய கவுன்சிலர் பச்சை, மாவட்ட கவுன்சிலர் மஞ்சள். கட்சிச் சின்னம் பச்சையிலும் மஞ்சளிலும் மட்டும்தான் இருக்கும். எண்ணும் மேஜையில் நான் பார்த்தவரை, இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் முத்திரை குத்தியே நிறைய ஓட்டு வீணாகிறது. சின்னத்தின் மேலேயே குத்தி, மை காய்ந்தபின் மடிக்கச் சொல்லுங்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்க ஊர்ல தலைவர் பதவியை ஏலம் விடப் பேசுறாங்க. கோயில் வேலைக்குத்தானே பணம் போகுது, தப்பா?

தப்பு, சட்டப்படி குற்றமும்தான். ஒருவர் மட்டும் மனு செய்து போட்டியின்றி வருவது வேறு, காசு வைத்து மற்றவர் வாயை அடைப்பது வேறு. பணம் கோயிலுக்குப் போகட்டும், பள்ளிவாசலுக்குப் போகட்டும், மாதா கோயிலுக்குப் போகட்டும், ஏலத்தில் எடுத்தவர் போட்டதை எங்கிருந்து எடுப்பார் என்று கூட்டத்திலேயே கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் ஆட்சியருக்கு எழுதுங்கள்.

ஏர்வாடியிலிருந்து ஒரு தங்கச்சி, வயது 24: மாவட்ட கவுன்சிலருக்கு நிக்கலாம்னு இருக்கேன். எவ்வளவு செலவாகும், முதல்ல என்ன செய்யணும்?

நில்லும்மா. 21 முடிந்தாலே போதும். மாவட்ட ஊராட்சிப் பகுதியில் எங்கே உன் பெயர் இருந்தாலும் சரி, ஆனால் முன்மொழிகிறவர் நீ நிற்கிற வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். 2019-இல் டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 500. செலவு உச்சவரம்பு 1,70,000. இடங்களில் பாதி பெண்களுக்கு, ஆனால் உன் வார்டு பெண்களுக்கா பொதுவா என்பது ஒதுக்கீட்டு ஆணை வந்த பிறகுதான் உறுதி. பொது வார்டாக இருந்தாலும் பெண் நிற்கத் தடையில்லை, இதை மறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு.

பணத்தைப் பற்றியும் தெரிந்துகொள். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் நூறு ரூபாய் வந்தால் ஊராட்சிகளுக்கு 80, ஒன்றியத்துக்கு 15, மாவட்டத்துக்கு 5 என்றுதான் பிரித்தார்கள். அதனால் ஊர் ஊருக்கு ரோடு போடுவேன் என்று வாக்குக் கொடுக்காதே, கொடுத்தால் மாட்டிக்கொள்வாய். மாவட்ட சேர்மனைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு உன் கையில் இருக்கும், அந்தச் சேர்மன்தான் மாவட்டத் திட்டக் குழுவுக்கும் தலைவர். குடிநீர், மீன் இறங்குதளம், கடலரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவு இதையெல்லாம் அங்கே பேசி எழுத்தில் ஏற்ற முடியும்.

முதல் வேலை, ஆபீசில் உன் வார்டில் வருகிற ஊராட்சிகளின் பட்டியலை வாங்கு. பழைய வார்டை நினைத்து ஓட்டுக் கேட்கப் போய், கடைசியில் அந்த ஊர் பக்கத்து வார்டு என்று தெரிந்து திரும்பியவர்களை 2019-இல் பார்த்தேன். பட்டியல் கிடைத்ததும் உப்பளத்துப் பக்கம் இருக்கிற குடியிருப்புகளிலிருந்து ஆரம்பி. அங்கே வேட்பாளர்கள் கடைசி நாளில்தான் போவார்கள்.