வண்டி கேள்வி பதில்: விலை கேட்டேன், எட்டு போன் வந்துச்சு

கேள்வி (ஒரு வாசகி, பிளேனோ, டெக்சஸ்): அண்ணா, நாங்க இங்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்பதான் புது வண்டி எடுக்கலாம்னு ஹோண்டா சிஆர்-வி பாத்துட்டு இருக்கோம். ஒரு சைட்ல "உங்க ஏரியா விலை பாருங்க"ன்னு போட்டிருந்துச்சு, ஜிப் கோடு பேரு நம்பர்னு கேட்டதெல்லாம் குடுத்தேன். விலை மட்டும் வரல. ரெண்டு நிமிஷத்துல போன் அடிக்க ஆரம்பிச்சு சாயங்காலத்துக்குள்ள எட்டு கால் வந்துருச்சு, மெசேஜ் தனி. எல்லாரும் "எப்ப வர்றீங்க, சனிக்கிழமை வரலாமா"ன்னு கேக்குறாங்களே தவிர விலையை ஒருத்தர் வாயிலருந்தும் வாங்க முடியல. வீட்டுக்காரர் என்னைத்தான் திட்டுறாரு. என் நம்பர் எட்டு பேருக்கு எப்படிப் போச்சு?

பதில்: வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்கம்மா, உங்க மேல தப்பில்ல, அந்தப் பக்கத்தை வடிவமைச்சதே அப்படித்தான்.

அந்த சைட்டுகிட்ட விக்கிறதுக்கு ஒரு கார் கூட கிடையாது. அமெரிக்காவுல பெரும்பாலான மாநிலத்துல ஃபிரான்சைஸ் சட்டம் இருக்கு, ஹோண்டா மாதிரி கம்பெனிங்க டீலர் மூலமாத்தான் புது வண்டி விக்கணும். அப்ப நடுவுல இருக்கிற சைட் எதை வித்து சம்பாதிக்குது? உங்களைத்தான். நீங்க போட்ட பேரு, நம்பர், மாடல் எல்லாம் சேர்ந்தா அதுக்குப் பேரு 'லீட்'. ஏடிஎஃப்னு ஒரு ஃபார்மட் இருக்கு, லீடை அனுப்புறதுக்குன்னே உண்டாக்கினது, அதுல போட்டு மூணு நாலு டீலரோட கம்ப்யூட்டருக்கு ஒரே நேரத்துல தள்ளி விட்டுருவாங்க. ஒரு லீடுக்கு ஏறக்குறைய 20 டாலர்னு வச்சுக்கங்க. நாலு பேரும் காசு குடுத்திருக்கான், வண்டி விக்கப்போறது ஒருத்தன்தான், மத்த மூணு பேருக்கு அந்தக் காசு தண்டம். அதனால யார் முதல்ல போன் பண்றதுன்னு ஓட்டப்பந்தயம். நீங்க பட்டன்ல இருந்து விரலை எடுக்கிறதுக்குள்ள போன் வர்றது இதனாலதான். ஒரே கடைல இருந்து ரெண்டு பேர் கூப்பிடுறதும் உண்டு, அப்படித்தான் நாலு எட்டாகும்.

சரி, விலை ஏன் சொல்ல மாட்டேங்குறாங்க? இதுதான் பல பேருக்குத் தெரியாத விஷயம். உங்ககிட்ட பேசுறவர் பெரும்பாலும் வண்டி விக்கிற ஆளே கிடையாது. டீலர்ஷிப்ல பிடிசின்னு ஒரு தனி டீம் உக்காந்திருக்கும், போன் பண்றதும் மெசேஜ் அனுப்புறதும்தான் வேலை. அவங்கள்ல நிறைய பேருக்கு வருமானமே எத்தனை கஸ்டமர் அப்பாயின்ட்மென்ட் வாங்கி நேர்ல வந்தாங்கங்கிறதை வச்சுத்தான். வண்டி 30,000 டாலருக்குப் போனா என்ன 34,000-க்குப் போனா என்ன, அந்தப் பொண்ணுக்கு நீங்க கடை வாசல்ல காலை வச்சா போதும். மேனேஜருக்கு வேற கணக்கு, விலையைச் சொல்லிட்டா அதைத் தூக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிருவீங்கன்னு பயம். நியாயமான பயம்தான், நானும் அதைத்தான் உங்களைச் செய்யச் சொல்லப்போறேன்.

புதுசா ஒரு ஈமெயில் ஐடி போடுங்க, கூகுள் வாய்ஸ்ல ஒரு நம்பர் எடுத்துக்கங்க. நடு சைட்டை விட்டுட்டு, 50 மைல் சுத்துல எத்தனை ஹோண்டா டீலர் இருக்கோ அவங்க சொந்த சைட்டுக்குப் போயி, ஸ்டாக்ல இருக்கிற ஒரு வண்டியைக் குறிப்பா அதோட ஸ்டாக் நம்பரைச் சொல்லி "அவுட் தி டோர் விலை (எல்லாம் சேத்து கையை விட்டுப் போற மொத்தத் தொகை) என்ன, ஈமெயில்ல பிரிச்சு அனுப்புங்க, இந்த வாரம் வாங்குறேன்"னு ரெண்டு வரி எழுதுங்க. வண்டி விலை, டீலர் சேத்த சாமான், டாக் ஃபீ (பேப்பர் வேலைக்கு டீலர் வாங்குற கட்டணம்), டெக்சஸ் வரி 6.25 சதவீதம், டைட்டில் எல்லாம் தனித்தனியா வரணும். பாதிப் பேர் "நேர்ல வாங்க பேசலாம்"னு பதில் போடுவான், அவனை விட்டுருங்க. நம்பரோட பதில் போட்டவங்க ரெண்டு பேர் கிடைச்சாலும் ஒருத்தர் கொட்டேஷனை இன்னொருத்தருக்குக் காட்டலாம். டாக் ஃபீயை மட்டும் நல்லாப் பாருங்க. கலிஃபோர்னியாவுல அதுக்கு 85 டாலர்னு உச்சவரம்பு, ஃபுளோரிடாவுல வரம்பே இல்ல, அங்கெல்லாம் வண்டி விலையைக் கொறைச்ச மாதிரி காட்டி இதுல வாங்கிக்குவாங்க.

காஸ்ட்கோங்கிற மெம்பர்ஷிப் கடையோட கார்டு இருந்தா அவங்க ஆட்டோ புரோகிராமும் ஒரு வழி, ஏரியாவுக்கு ஒரு பிராண்டுக்கு ஒரு டீலர்தான் அனுப்புவாங்க, போன் தொல்லை கம்மி. போனதும் மெம்பர் விலை ஷீட்டைக் காட்டச் சொல்லுங்க.

இன்னொண்ணு. டெக்சஸ்ல சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சேத்து கார் கடை திறக்கக் கூடாதுன்னு சட்டம், ரெண்டுல ஏதாவது ஒரு நாள்தான் திறக்கலாம், அதனால பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை பூட்டியிருக்கும். அன்னைக்குப் போயி வண்டி நிறுத்தியிருக்கிற லாட்ல சும்மா ஒரு நடை நடங்க, சேல்ஸ்மேன் ஒருத்தனும் வர மாட்டான். ஒவ்வொரு புது வண்டி கண்ணாடியிலயும் மன்ரோனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 1958 சட்டப்படி கட்டாயம், கம்பெனி போட்ட விலை அதுல இருக்கும். பக்கத்துல டீலர் ஒட்டின ரெண்டாவது ஸ்டிக்கர் இருந்தா உஷாரா இருங்க, அது அவன் வச்ச தனி விலை.

கேள்வி (ஒரு கல்லூரி மாணவர், திருச்சி): சார், இந்த மாதிரி சைட்டெல்லாம் யாரு முதல்ல ஆரம்பிச்சது? டீலருங்க ஒருத்தனை ஒருத்தன் விலையில அடிச்சிக்கிற மாதிரி ஒரு இடத்துக்கு அவங்களே காசு குடுத்து ஏன் வர்றாங்க?

பதில்: தம்பி, ஆரம்பிச்சதே ஒரு பழைய கார் டீலர்தான். கலிஃபோர்னியாவுல பீட் எல்லிஸ்னு ஒருத்தர் 1995-ல ஆட்டோபைடெல் தொடங்கினாரு. டீலர் காசு கட்டினா ஒரு ஏரியா அவருக்குன்னு ஒதுக்கிருவாங்க, அங்கிருந்து வர்ற கஸ்டமர் எல்லாம் அவருக்குத்தான். அப்ப போட்டியே கிடையாது, அதனால டீலருக்கு இனிச்சுது. அப்புறம் சைட்டுங்க பெருகிச்சு, ஒரே லீடை நாலு பேருக்கு விக்கலாமேன்னு கண்டுபிடிச்சாங்க, அங்கதான் மாறிப்போச்சு.

வாங்குறவங்களுக்கு லாபமா இருந்துச்சான்னு ஃபியோனா ஸ்காட் மார்ட்டன்னு யேல் பேராசிரியரும் அவங்களோட ரெண்டு பேரும் சேந்து கணக்கு போட்டுப் பாத்தாங்க. ஆட்டோபைடெல் வழியா வந்தவங்க சராசரியா சுமார் 2 சதவீதம் கம்மியா குடுத்திருந்தாங்க. 2003-ல வந்த அவங்களோட அடுத்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். கறுப்பின, ஹிஸ்பானிக் ஆளுங்க நேரா கடைக்குப் போனா மத்தவங்களை விட சுமார் 2 சதவீதம் கூடக் குடுத்துட்டு இருந்தாங்க, இணையம் வழியா வந்தப்ப அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமலே போச்சு.

டீலருங்க பொங்கி எழுந்த கதையும் இருக்கு. ட்ரூகார்னு ஒரு கம்பெனி லீடுக்குக் காசு வேண்டாம், வண்டி வித்தா மட்டும் புது வண்டிக்கு 299 டாலர் குடு போதும்னு சொல்லிச்சு. கேக்க நல்லாத்தான இருக்கு? ஆனா உங்க ஊர்ல இதே வண்டியை மத்தவங்க என்ன விலைக்கு வாங்கினாங்கன்னு கோடு கிழிச்சு கஸ்டமருக்குக் காட்டிருச்சு. பக்கத்துக் கடைக்காரனை விட நூறு டாலர் கொறைச்சாத்தான் ஆள் வரும்னு ஆயிருச்சு, அவனும் கொறைப்பான், இவனும் கொறைப்பான். 2011 கடைசில டிவி விளம்பரம் வேற போட்டாங்க, டீலருங்க கொதிச்சுட்டாங்க. இன்வாய்ஸ் விலைக்கு, அதாவது கம்பெனி டீலருக்குப் போட்ட பில் விலைக்குக் கீழ அங்க விளம்பரம் பண்ற டீலருக்கு விளம்பர உதவிப் பணம் கிடையாதுன்னு ஹோண்டா சொல்லிருச்சு, சில மாநில அதிகாரிங்க இது புரோக்கர் வேலை மாதிரி இருக்கேன்னு கேள்வி கேட்டாங்க. டீலருங்க கூட்டம் கூட்டமா விலக, 2012-ல ட்ரூகார் இறங்கி வந்து தன்னோட முறையை மாத்திக்கிச்சு. கஸ்டமர் பக்கம் ரொம்ப சாஞ்சா டீலர் போயிருவான், டீலர்தான காசு குடுக்கிறான்.

இன்வாய்ஸுக்குக் கீழ வித்தா நஷ்டம்தானேன்னு கேப்பீங்க. ஹோல்ட்பேக்னு ஒண்ணு உண்டு, வண்டி வித்தப்புறம் கம்பெனி 2-3 சதவீதம் திருப்பிக் குடுக்கும். அது போக மாசத்துக்கு இத்தனை வண்டின்னு டார்கெட், கடைசி ஒரு வண்டியில டார்கெட்டைத் தொட்டா அந்த மாச மொத்தத்துக்கும் போனஸ் கிடைக்கும். அந்த ஒரு வண்டியை நஷ்டத்துக்குக் குடுத்தாலும் அவனுக்கு லாபம். மாசக் கடைசில போங்கன்னு பெரியவங்க சொல்றது சும்மா இல்ல.

கேள்வி (ஷோரூம் சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ், மதுரை): சார், போர்ட்டல் லீடுன்னு தினம் ஒரு கட்டு குடுக்குறாங்க, போன் பண்ணா "ஏற்கனவே மூணு பேரு பேசிட்டாங்க"ன்னு கட் பண்றாங்க. மேனேஜரு காச்சி எடுக்குறாரு. இதுல வண்டி விக்க முடியுமா?

பதில்: தம்பி, நானும் ஆறு வருஷம் அந்தச் சேர்ல உக்காந்தவன்தான். கார்வாலே சைட் 2005-லயும் கார்தேக்கோ சைட் 2008-லயும் வந்ததுல இருந்து நம்ம ஊர்லயும் இதே ஆட்டம்தான், ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. எக்ஸ் ஷோரூம் விலை கம்பெனி வச்சது, உங்க கடையிலயும் எதிர்க் கடையிலயும் ஒண்ணுதான், ரோடு டாக்ஸ் அரசாங்கத்தோடது. நீங்க மோதிக்கிறது இன்சூரன்ஸ், ஆக்சசரீஸ், எக்ஸ்சேஞ்ச், டிஸ்கவுண்ட் இந்த நாலுலதான். மூணாவது ஆளாப் போன் பண்ணி "சார் வண்டி பாக்குறீங்களா"ன்னு ஆரம்பிச்சா யாருதான் கட் பண்ண மாட்டான்? கூப்பிடுறதுக்கு முன்னாடியே வாட்ஸ்அப்ல ஆன்ரோடு பிரேக்அப்பை முழுசா அனுப்பிருங்க, ஹேண்ட்லிங் சார்ஜ்னு ஒரு வரி இல்லாம, இன்சூரன்ஸ் வெளியில எடுத்துக்கிட்டா எவ்வளவுங்கிறதையும் சேத்து. முதல்ல பேசுன மூணு பேரும் அதைக் குடுத்திருக்க மாட்டாங்க, பெட் கட்டலாம். உங்க மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு, அதுவும் தெரியும். ரெண்டு மாசம் நம்பரைக் காட்டுங்க, அப்புறம் பேசுவாரு.

கேள்வி (ஒரு வாசகர், கோயமுத்தூர்): ஏனுங்க, விளம்பரக் கால் வேண்டாம்னு டிஎன்டி போட்டிருக்கறனுங்க, ஆனாலும் ஆன்ரோடு விலை பாத்ததுல இருந்து போன் நிக்கவே மாட்டேங்குதுங்க. என்னங்க பண்றது?

பதில்: ஃபார்ம்ல கீழ சின்னதா ஒரு டிக் இருந்திருக்கும், அதுல நீங்களே சம்மதம் குடுத்துட்டீங்க, அதைக் காட்டி டிஎன்டி எங்களுக்குப் பொருந்தாதும்பாங்க. வேண்டாம்னு சொன்னப்புறமும் வந்தா 1909-க்குப் புகார் அனுப்புங்க. ஆனா அதை விட சுளுவான வழி ஒண்ணு இருக்குங்க. "இப்ப வேண்டாம், அப்புறம் பாக்கலாம்"னு மட்டும் சொல்லிராதீங்க, அதை அவங்க ஃபாலோஅப்னு போட்டு வாரா வாரம் கூப்பிடுவாங்க. "வேற கம்பெனி வண்டி வாங்கிட்டேன், போன வாரம் டெலிவரியும் ஆச்சு"ன்னு சொல்லுங்க. அன்னைக்கே லீடை குளோஸ் பண்ணிருவாங்க. எந்த வண்டின்னு கேப்பாங்க, ஒரு பேரு ரெடியா வச்சுக்கங்க.