பல்கலைக்கழக அலுவலர்கள் தமக்குத் தெரிந்ததைச் சக ஊழியர்களுக்குச் சொல்லித்தர விருதும் பாராட்டும் உதவுமா?

பாராட்டு கட்டாயம் உதவும். ஆனால் ஆண்டு விழாவில் கொடுக்கும் 'சிறந்த ஊழியர்' விருது இந்த வேலைக்கு ஆகாது. பதினெட்டு ஆண்டுகளாகத் தேர்வுப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்கள் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பாடத்திட்டம் மாறிய பிறகு திரும்பி வரும் மாணவர்களுக்கு, எந்தப் பழைய தாளுக்கு எந்தப் புதிய தாள் ஈடு என்று கோப்பைத் திறக்காமலே சொல்வார். அவர் ஓய்வு பெற்ற மறுமாதமே அப்படி ஒரு மாணவி வந்தாள். மூன்று வாரம் அலைந்தாள். விதி எழுத்தில் இருந்தது. எந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் என்பது அக்காவுக்குத்தான் தெரியும். கடைசியில் அவருக்கே போன் செய்தோம். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, "இத்தனை வருஷமா யாரும் இதைக் கேட்கலையேம்மா. கேட்டிருந்தா எழுதியே கொடுத்திருப்பேன்" என்றார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பேராசிரியர் கட்டுரை எழுதினால் தலைப்பை அடுத்து அவர் பெயர் நிற்கிறது. பெயர் சொல்லாமல் எடுத்தாண்டால் அது திருட்டு. அதே வளாகத்தில் ஓர் எழுத்தர் உட்கார்ந்து தயாரிக்கும் நடைமுறைக் குறிப்பு, மேலதிகாரியின் கையெழுத்தோடு போய்விடுகிறது. பிறகு எதற்காக ஒருவர் மெனக்கெட்டு எழுத வேண்டும்?

1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தில், இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள் தாங்கள் கண்ட தீர்வுகளை 'யுரேகா' என்ற பொதுத் தொகுப்பில் சேர்த்தார்கள். விவரம் தெரிந்த சக ஊழியர்கள் சரிபார்த்த பிறகே ஒரு குறிப்பு உள்ளே போகும். எழுதியவர் பெயரும் கூடவே இருக்கும். குறிப்புக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் எண்ணிக்கைதான் பெருகியிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

நாங்களும் ஒரு பொதுக் கோப்பு தொடங்கினோம். எழுதியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், தேதி. பயன்படுத்தியவர் கீழே ஒரு வரி எழுத வேண்டும்: 'இதை வைத்து இன்ன சிக்கலைத் தீர்த்தேன்.' அந்த வரிதான் பாராட்டு. அதிகம் எழுதியது யார் தெரியுமா? விருதுப் பட்டியலில் ஒருநாளும் இடம்பெற முடியாத ஒப்பந்த ஊழியர் ஒருவர்.

சொல்லிக்கொடுத்துவிட்டால் தன் மதிப்புப் போய்விடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. அது நியாயமான பயம். அதை அறிவுரை சொல்லிப் போக்க முடியாது. எழுதுவதற்கு அலுவலக நேரத்திலேயே இடம் கொடுங்கள், பணி மதிப்பீட்டிலும் சேருங்கள். உங்கள் பிரிவில் அடுத்து ஓய்வு பெறப்போவது யார் என்று பார்த்து, அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

எங்கள் கோப்பின் முதல் குறிப்பு அந்த அக்காவுடையது. போனில் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பெயர் அவருடையதுதான் இருக்கிறது.