19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாணவர் படகுப் போட்டிகளில் தொழிலாளிகள் ஏன் சேர முடியவில்லை?

பந்தயப் பணம் வாங்கியவர்களைத்தான் ஒதுக்கினார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிகூட உண்மை இல்லை.

என் அப்பா கொத்தனார். அதனால் தேம்ஸ் ஆற்றில் நடக்கும் பெரிய படகுப் போட்டியான ஹென்லி ரெகாட்டா 1879இல் போட்ட 'அமெச்சூர்' (காசுக்காக இல்லாமல் ஆடுபவர்) விதியைப் படித்த நாள் இன்னும் நினைவில் நிற்கிறது. காசுக்குப் பந்தயம் விட்டவர் கூடாது, படகு வேலையில் சம்பளம் வாங்கியவர் கூடாது என்று அடுக்கிவிட்டு, கூலிக்குக் கைத்தொழில் செய்கிறவரும் செய்தவரும் கூடாது என்று முடிகிறது. 'செய்தவரும்' என்பதைக் கவனியுங்கள். 16 வயதில் ஒரு வருஷம் தச்சு வேலை பார்த்திருந்தால் ஆயுசுக்கும் வெளியேதான். துடுப்புப் போட்டு ஒரு பைசா சம்பாதித்திருக்கவே வேண்டாம்.

அதற்கு முந்தைய வருஷம் லண்டனின் பட்னி பகுதியில் படகு கிளப்காரர்கள் கூடி எழுதிய வரையறை இன்னும் பச்சையானது. ராணுவ அதிகாரி, வக்கீல், டாக்டர் போன்றவர்களோடு பல்கலைக்கழகத்தாரும் அமெச்சூர். ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ இடம் கிடைத்தாலே தகுதி வந்துவிடும்.

ஆனால் ஆரம்ப காலத்தில் அந்த மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்களே தேம்ஸ் படகோட்டிகள்தான்! ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதலில் மோதியது 1829இல். லண்டனில் தொழில் பழகி முடித்த இளம் படகோட்டிகளோ 1715இலிருந்தே சிவப்புக் கோட்டுக்கும் வெள்ளி வில்லைக்கும் பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவனையே வாசலில் நிறுத்தியதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எதிர்த்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபிரெடரிக் ஃபர்னிவால். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வேலையில் பெரும்பங்கு உள்ளவர். கேம்பிரிட்ஜில் படித்தபோதே படகுப் பைத்தியம். லண்டன் உழைப்பாளர் கல்லூரியில் பாடம் நடத்தி, அங்கே படித்த தொழிலாளிகளையும் ஆற்றுக்குக் கூட்டிப்போனார். கைத்தொழிலாளிகளையும் சேர்த்துக்கொள்ளும் தேசிய அமெச்சூர் படகோட்டச் சங்கம் 1890இல் உருவானதில் அவர் முன்னணியில் நின்றார். 1896இல் ஹேமர்ஸ்மித்தில் பெண்களுக்கும் ஒரு கிளப் தொடங்கினார். டீக்கடைகளில் பரிமாறிய பெண்களெல்லாம் அங்கே துடுப்புப் பிடித்தார்கள்.

பழைய விதி அசையவில்லை. 1920இல் அமெரிக்கர் ஜான் கெல்லி ஹென்லிக்கு விண்ணப்பித்தபோது மறுத்தார்கள். அவருடைய கிளப் மீது பழைய தடை ஒன்று இருந்தது. அது இல்லாவிட்டாலும் கைத்தொழில் செய்தவர் என்பதால் சேர்க்க முடியாது என்றும் குறித்துவைத்தார்கள். அவர் செங்கல் கட்டுகிற கொத்தனாராக இருந்தவர். அதே வருஷம் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பிரிட்டிஷ் வீரர் ஜாக் பெரெஸ்ஃபோர்டைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கினார்.

கைத்தொழில் தடையை 1937இல்தான் எடுத்தார்கள். 10 வருஷம் கழித்து ஹென்லியில் ஒற்றை ஆள் படகுப் பந்தயமான டைமண்ட் ஸ்கல்ஸ் கோப்பையை வென்றவர் அந்தக் கொத்தனாரின் மகன்.