கேம்பரைக் கட்டுவது எங்கே: தொட்டியிலா, சேசிஸிலா?

பிக்கப் டிரக்கின் தொட்டிக்குள் ஏற்றி இறக்கும் கேம்பர் (பயணத்தில் தங்கும் சின்ன வீடு) பற்றி வாசகர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் டை-டவுன் பிராக்கெட்டில், அதாவது கேம்பரை வண்டியோடு கட்டிப் பிடிக்கும் தாங்கியில்தான் வந்து நிற்கிறது. இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

தொட்டியின் ஓரத்தில் மாட்டும் பிராக்கெட் விலை குறைவு, வேலையும் சுலபம். சேசிஸில்தான் (வண்டியின் அடிச்சட்டத்தில்) மாட்ட வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

வண்டி நிற்கும்போது எந்தப் பிராக்கெட்டும் போதும். கேம்பரின் எடையைத் தாங்குவது தொட்டியின் தரை, பிராக்கெட் அல்ல. பிராக்கெட்டுக்கு வேலை வருவது திடீர் பிரேக்கில், வளைவில், பக்கக் காற்றில், ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கி ஏறும்போது. கேம்பர் உயரமானது, அதன் தலைப்பகுதி டிரைவர் கேபினுக்கு மேலே நீண்டிருக்கும். அது ஒரு பக்கம் சாயப் பார்த்தால் மறுபக்கத்து டர்ன்பக்கிளின் (கேம்பரின் கொக்கியையும் பிராக்கெட்டையும் இணைத்து, திருகி இறுக்கும் கம்பி) இழுவை அப்படியே பிராக்கெட் பிடித்திருக்கும் இடத்துக்குப் போகிறது. அந்த இடம் வெறும் தகரம் என்றால் முதலில் துளையைச் சுற்றிப் பெயின்ட் வெடிக்கும், அப்புறம் துளை நீள்வட்டமாகும், கடைசியில் தகரம் கிழியும். இது ஒரே நாளில் நடப்பதில்லை, அதனால்தான் பலர் கவனிப்பதில்லை.

மேல்பகுதி துணியாலான சின்ன கேம்பர் என்றால், அதற்கென்றே செய்த தொட்டி பிராக்கெட்டை உள்பக்கம் நல்ல பட்டைத் தகடு கொடுத்து மாட்டலாம். சமையலறை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள முழு கேம்பருக்கு நான் சேசிஸைத்தான் சொல்வேன். அலுமினிய உடல் கொண்ட வண்டிகளில் (ஃபோர்டு எஃப்-150 2015 மாடலிலிருந்தும், சூப்பர் டியூட்டி 2017 மாடலிலிருந்தும் அப்படித்தான்) இதில் விவாதமே வேண்டாம். அலுமினியத்தில் இரும்புப் பிராக்கெட்டை நேராக வைத்து இறுக்கினால், உப்பும் ஈரமும் சேரும்போது அரிக்கப்படுவது அலுமினியம்தான். அந்த வண்டிகளிலும் சேசிஸ் இரும்பு என்பதால் அங்கே இந்தத் தொல்லை கிடையாது.

என் வண்டியின் சேசிஸ் நாலு பக்கமும் மூடிய பெட்டி மாதிரி இருக்கிறது. உள்ளே கை போகாமல் போல்ட்டை எப்படி மாட்டுவது? வெல்டிங் செய்துவிடலாமா?

வெல்டிங் வேண்டாம். சூடு பட்ட இடத்தில் இரும்பின் குணம் மாறும், பிறகு அங்கிருந்தே விரிசல் கிளம்பும். புதிதாகத் துளை போடுவதும், குறிப்பாக சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் போடுவதும், அதைவிட நல்லதில்லை. உங்கள் மாடலுக்கென்று வரும் பிராக்கெட்டுகள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே விட்ட துளைகளைத்தான் பயன்படுத்தும்.

கை போகாத இடத்துக்கு, ஒரு முனை சுருளாக இருக்கும் கம்பி ஒன்று பிராக்கெட்டோடு வரும். நாடா கோர்க்கிற மாதிரிதான் வேலை. கம்பியின் சுருள் முனையை போல்ட் வர வேண்டிய துளையில் விட்டு, பக்கத்தில் உள்ள பெரிய துளை வழியாக வெளியே எடுங்கள். நேரான முனையைப் பெரிய துளையில் விட்டு போல்ட் துளை வழியாக எடுத்தாலும் சரி, சுருள் பெரிய துளைப் பக்கம் இருக்க வேண்டும். முதலில் சதுரத் தகடு வாஷரைக் கம்பியில் கோர்த்து, அப்புறம் சுருளை போல்ட்டின் மரையில் திருகுங்கள். தகட்டை முதலில் உள்ளே தள்ளி, பின்னாலேயே போல்ட்டையும் தள்ளி, மறுமுனையை மெதுவாக இழுத்தால் மரை துளைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். கம்பியைக் கழற்றும்போது போல்ட்டை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே விழுந்தால் காந்தத்தை வைத்துத் தேடுவதில் பொழுது போய்விடும்.

இறுக்குவதற்கு முன் பிராக்கெட்டுக்குப் பின்னால் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், வயர் கட்டு ஏதாவது நசுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சைலன்சர் குழாய்க்கும் பிராக்கெட்டுக்கும் இடைவெளி இருக்கட்டும். நாலு போல்ட்டையும் கையால் மாட்டிய பிறகே டார்க் ரெஞ்சை (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) எடுங்கள், பிராக்கெட்டோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். மரையில் கிரீஸ் தடவினால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும், ஆகவே தாளில் சொல்லாமல் தடவ வேண்டாம். முதல் 100 கிலோமீட்டருக்குள் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

டர்ன்பக்கிளை எவ்வளவு இறுக்குவது?

ஸ்பிரிங் வைத்ததா என்று பாருங்கள். ஓடும்போது சேசிஸ் ஒரு விதமாகவும் தொட்டி வேறு விதமாகவும் முறுக்கும். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்பிரிங். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை இறுக்கினால் அது ஸ்பிரிங்காக இருக்காது, முறுக்கு முழுவதும் கேம்பரின் கொக்கிக்குப் போகும். கொக்கி பிடித்திருப்பது பல கேம்பர்களில் மரச் சட்டம். கேம்பரைக் கையால் தள்ளினால் வண்டியோடு சேர்ந்து ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. அந்த அளவு போதும். பூட்டு நட்டை மறக்காதீர்கள், அது இல்லாவிட்டால் டர்ன்பக்கிள் ஓட்டத்தில் தானாகவே அவிழும்.

முன் டர்ன்பக்கிள்கள் சாய்வாக வருகின்றன. நேராக இருக்க வேண்டாமா?

முன்னவை சாய்வாகத்தான் இருக்க வேண்டும். கேம்பரின் கொக்கியிலிருந்து கீழே வரும்போது முன்னோக்கி வந்தால் கேம்பரைத் தொட்டியின் முன்சுவரோடு ஒட்டி வைக்கும். ஏற்றத்தில் அது பின்னால் நழுவாமல் பிடிப்பதும் இந்தச் சாய்வுதான். பின்னவை நேராகவோ சற்றே பின்னோக்கியோ இருக்கலாம். நாலும் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் பிராக்கெட்டுகளை முன்பின்னாக மாற்றி மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். முன்சுவருக்கும் கேம்பருக்கும் இடைவெளி இருந்தால் மரக்கட்டை வைத்து அடையுங்கள். தரையில் வழுவழுப்பான பிளாஸ்டிக் விரிப்பு இருந்தால் எடுத்துவிட்டுக் கனமான ரப்பர் மேட் போடுங்கள். என்னைக் கேட்டால், மேட் போட்ட பிறகு டர்ன்பக்கிளின் வேலை பாதியாகக் குறைகிறது.

சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் போதாதா?

பக்கத்துத் தெருவுக்கு மெதுவாக எடுத்துப்போக மட்டும். பெல்ட் நீளும், தொட்டியின் கூர் விளிம்பில் உரசி அறுபடும்.

பழைய கேம்பர் வாங்கியிருக்கிறேன். புது பிராக்கெட் போட்டால் போதுமா?

முதலில் கேம்பர் பக்கத்துக் கொக்கிகளைப் பாருங்கள். கொக்கியைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். மரம் பஞ்சாக உள்வாங்கினாலோ, தகட்டில் பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ தண்ணீர் இறங்கி உளுத்திருக்கிறது. மரச் சட்டத்தை மாற்றாமல் பிராக்கெட்டுக்குச் செலவு செய்வது வீண். அத்தோடு டிரக்கின் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சுமை அளவையும் பாருங்கள். காலி கேம்பரின் எடையை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். 150 லிட்டர் தண்ணீர் ஏற்றினால் 150 கிலோ கூடுகிறது. கேஸ் சிலிண்டர், பேட்டரி, ஆட்கள் எல்லாம் அதற்கு மேல்.

வேறு வண்டி வாங்கினால் இதே பிராக்கெட்டை மாற்றிக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது, சேசிஸ் துளைகள் மாடலுக்கு மாடல் வேறு. டர்ன்பக்கிள்களைக் கொண்டுபோகலாம், நீளம் பொருந்தினால்.